பெட்டிக்குள் ஒரு சிவப்புப் பொட்டு

உள்ளே வாங்க மேடம். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும், இந்தப் பக்கம் உட்காருங்க. மாமா இல்லை. இப்போதுதான் போனார். உங்கள் வண்டி கேட்டுக்குள் வருவதை ஜன்னலில் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க, நான் பால் வாங்கப் போறேன், வர லேட்டாகும்னு சொல்லி அனுப்பிடு" என்று பின்படி வழியாக இறங்கிவிட்டார். பால் இருக்கிறது மேடம். காலையில் வாங்கியதையே காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். மறந்துவிட்டார் போல. இந்த வாரம் முழுக்க அவருக்கு எதுவும் ஞாபகத்தில் நிற்பதில்லை. வெயிலில் வந்தவர்களை வாசலோடு எப்படி அனுப்புவது? டீ போடுகிறேன், அதற்குள் வந்துவிடுவார்.

மாமா என்று சொல்வது என் வீட்டுக்காரரைத்தான். உங்களுக்குத் தயாளன் சார். எனக்கு அத்தை மகன், பேச்சு வந்த நாளிலிருந்து மாமாதான்.

பாப்பா புது ஆட்களிடம் போகவே மாட்டாள். நீங்கள் "சின்னம்மணி, வாங்க" என்றதும் பாருங்க, நேராக வந்து உங்கள் ஷாலைப் பிடித்துக்கொண்டாள். எச்சில் பண்ணிவிடுவாள், கொடுங்க. பரவாயில்லையா? சரி, இருக்கட்டும்.

நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை. அவருடைய ஆட்கள் யாராவது வந்தால் டீயை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவேன். எட்டாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள், அப்புறம் திருப்பூரில் பனியன் கம்பெனி. படித்தவர்களிடம் என்ன பேசுவது? நீ வாயைத் திறந்தா ஏதாவது உளறுவே என்று மாமாவும் சொல்வார். ஆனால் நீங்கள் வந்ததும் ஒரு வகையில் நல்லதுதான். திங்கட்கிழமை எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்கப் போகிறார்களாமே. அதற்கு முன்னால் வீட்டில் போய் விசாரித்துவிட்டு வரச் சொல்லி உங்கள் மேனேஜர் எட்வின் சார் உங்களை அனுப்பியிருப்பார். அப்படித்தானே? சரி, நீங்கள் சொல்லக் கூடாது போல. நான் கேட்கவில்லை. மாமா வேலைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது மேடம். எனக்கு அது ஒன்றுதான்.

முன்னால் இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பாப்பா அப்போது கைக்குழந்தை. இவர் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார் என்றால் உட்கார்ந்ததுதான். பக்கத்தில் கிடந்து அவள் கத்தினாலும் திரும்பமாட்டார். ஒருநாள் குளித்துவிட்டு வருகிறேன், அவள் கட்டில் ஓரம் வரைக்கும் உருண்டு வந்திருக்கிறாள். இவர் அதே கட்டிலில்தான் உட்கார்ந்திருக்கிறார். பார்க்கவில்லை. இந்த வேலை வந்த பிறகுதான் அவளைத் தூக்கினார். அதனால்தான் சொல்கிறேன், வேலை போய்விடக் கூடாது.

டீ எடுத்துக்கொள்ளுங்க. சர்க்கரை கம்மியாக இருந்தால் சொல்லுங்க.

இந்த வேலையில் அவர் பட்ட பாடு ஆபீஸில் யாருக்கும் தெரிந்திருக்காது. வீட்டிலிருந்து வேலை என்றால் கைலியைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்றுதானே நினைப்பார்கள். நான் பார்த்தேன். ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற லேப்களுக்கு ரிப்போர்ட் அனுப்புகிறதுதானே உங்களுடையது? அதில் சில ரிப்போர்ட் இரண்டு முறை போகிறது, சிலது போவதே இல்லை, ஏன் என்று கண்டுபிடி என்று எட்வின் சார் இவரிடம் கொடுத்துவிட்டார். கண்டுபிடிக்க வேண்டுமானால் இவர் புரோகிராம் எழுதுகிற இடத்திலிருந்து சர்வருக்கு ஒரு தொடர்பு வேண்டுமாம். சர்வரோ ஒரு கண்டெய்னருக்குள் ஓடுகிறதாம்.

"கண்டெய்னர் எனக்குத் தெரியும்" என்றேன். எங்கள் பனியன் கம்பெனி வாசலில் நிற்கும். அட்டைப்பெட்டிகளை ஏற்றி சீல் வைத்துவிட்டால் தூத்துக்குடி போகிற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது.

"அதே மாதிரிதான் புள்ள. இது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற பெட்டி."

"திறக்கக் கூடாதுன்னுதான சீல் வெக்கறாங்க. நீங்க எதுக்குத் திறக்கறீங்க?"

"உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கோணும்ல."

"ஏத்தறப்பவே பாத்திருக்கலாம்."

சிரித்துவிட்டார். அந்தச் சமயத்தில் அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

அவருடைய லேப்டாப்பிலேயே ஒரு பெட்டி வைத்திருந்தார், பழகிப் பார்ப்பதற்கு. உள்கதவைத் திறந்தார், வெளிக்கதவு மூடியிருந்தது. வெளிக்கதவுக்கு ஒரு நம்பர் கொடுத்துத் திறந்தார், அப்போதும் உள்ளே இருக்கிற சர்வர் பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து கூப்பிட்டால்தான் அவன் பேசுவானாம், வெளியே நின்று யார் கூப்பிட்டாலும் காதிலேயே வாங்கமாட்டானாம். "என்னை மாதிரி" என்றேன். அதையும் மாற்றிப் பார்த்தார். அப்புறம் லேப்டாப் தாங்கவில்லை. பெட்டியை எழுப்பும்போதெல்லாம் விசிறி கத்தும், சுட ஆரம்பிக்கும், அப்படியே உறைந்துவிடும். நான் இட்லித்தட்டைக் கவிழ்த்து அதன்மேல் தூக்கி வைத்துக் கொடுத்தேன், ஓட்டை வழியாகக் காற்றாவது போகட்டும் என்று. அன்றைக்கு எங்களுக்கு உப்புமா.

எதைச் செய்தாலும் கடைசியில் சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கும். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனால் அந்த வரியின் சாடை தெரியும். "மறுபடியும் அதுவா மாமா?" என்பேன். "அதேதான்" என்பார். காலையில் மீட்டிங்கில் எட்வின் சார் குரல் சமையலறை வரைக்கும் கேட்கும். "இன்னும் கனெக்ட்டே ஆகலையா தயாளன்? கனெக்ட் பண்ணவே இவ்ளோ நாள்னா, கண்டுபிடிக்க அடுத்த பொங்கலா?" எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் அந்த மீட்டிங்கில் இருந்திருப்பீர்கள். நீங்கள் சிரித்திருக்கமாட்டீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இவர் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு, மீட்டிங் முடிந்ததும் மறுபடியும் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்புறம்தான் அந்த அம்மா ஃபோன் பண்ணினார்கள். பேர் தெரியாது, இவர் மேடம் மேடம் என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், கை இரண்டும் கீபோர்டில். "என் லாகின்ல உள்ள போங்க தயாளன். நிஜ சர்வர்ல செட்டிங் எப்படி இருக்குன்னு பாத்துட்டு, உங்க பெட்டியிலயும் அப்படியே வெச்சுக்கோங்க. பாக்கறதோட சரி, அங்க எதையும் தொட்டுடாதீங்க, லேப் எல்லாம் அதுலதான் ஓடுது" என்று அவர்களுடைய பாஸ்வேர்டையே சொன்னார்கள். மாமா உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். "தெய்வம் மாதிரி வந்தீங்க மேடம்" என்றார். அந்த நேரம் பார்த்துப் பாப்பா அழுதாள். அந்த அம்மா ஃபோனிலேயே அவளைக் கொஞ்சினார்கள், டக்கென்று நிறுத்திவிட்டாள். முகம் தெரியாத ஆள், ஊர் தெரியாத ஆள், குழந்தை அழுகையை நிறுத்துகிறார்கள். அப்படி ஒரு மனசு. ஆபீஸில் மனுஷர்களும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டீ ஆறுகிறது மேடம்.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நிஜ சர்வருக்கு உள்ளே போய்ப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்கயே கனெக்ட் பண்ணிட்டா என்ன?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த சர்வரை ஒரு தடவை நிறுத்தி எழுப்பினார். அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. அத்தனை நாள் ஆகாதது அன்றைக்கு ஆனது. அவரே, தன் கையால். யாரும் பக்கத்தில் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். "கனெக்ட் ஆயிருச்சு புள்ள" என்று இரண்டு தடவை சொன்னார்.

அப்புறம் ஒரு வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒன்று வைத்தார். உண்மையாகவே பொட்டுதான், நான் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் அளவு. அந்த வரிக்கு வந்ததும் சர்வர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமாம், அப்போது உள்ளே இருக்கிறதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்கலாமாம். வைத்தார், நின்றது. இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாப்பாவைத் தூக்கிச் சுற்றினார். "கிளம்பு, வெளிய போலாம்" என்றார். நான் சேலை மாற்றக்கூட விடவில்லை.

எந்தப் பக்கமா? இடது பக்கம் மேடம், நம்பர் போட்டிருக்குமே, அதற்குப் பக்கத்தில். கிளம்பும்போதும் இருந்ததா என்றா கேட்கிறீர்கள்? இருந்தது. நல்லாப் பார்த்தேன். "இதை அணைச்சிரட்டுமா மாமா?" என்றுகூடக் கேட்டேன். "தொடாத, நிக்கட்டும், வந்து பாத்துக்கறேன்" என்றார். ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு அப்படியே வந்தார். காளப்பட்டி ரோட்டில் புரோட்டா சாப்பிட்டோம். பாப்பாவுக்குப் பலூன் வாங்கிக் கொடுத்தார். பார்க்கில் ஊஞ்சல் ஆட்டினார். கல்யாணமானதிலிருந்து அவரை அப்படிப் பார்த்ததில்லை. இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தோம்.

என்றைக்கா? வெள்ளிக்கிழமைதான். ஆமாம், எல்லா லேபிலும் ரிப்போர்ட் நின்றுபோன அதே வெள்ளிக்கிழமை. அதுதான் கொடுமை. இவர் சந்தோஷமாக இருந்தது ஒரே ஒரு நாள், அதே நாளில் யாரோ போய் அங்கே ஏதோ பண்ணியிருக்கிறார்கள்.

வந்து பார்த்தால் ஃபோன் முழுக்க அழைப்பு. அவர் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்ப் பொட்டை எடுத்தார், தொடர்பைப் பிடுங்கினார், எல்லாவற்றையும் மூடினார். "என்ன மாமா?" என்றேன். "ஆபீஸ்ல சர்வர் நின்னு போச்சாம்" என்றார். ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் வர வேண்டிய ரிப்போர்ட் வரவில்லையாம், காத்திருந்து காத்திருந்து அந்த மனுஷனுக்கு ரொம்ப முடியாமல் போய்விட்டதாம். இப்போதுதான் கண் விழித்திருக்கிறாராம். அவர் வீட்டு ஆட்கள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவை உடைத்துவிட்டார்களாம்.

நான் அவரிடம் கேட்டேன் மேடம். நீங்க அன்னிக்கு நிறுத்தி வெச்சீங்களே, அதுவா மாமா என்று. "உனக்கு என்ன தெரியும், அது வேற, இது வேற. வெளிய யார்கிட்டயும் உளறாத" என்றார். எனக்கு என்ன தெரியும்? அவர் சொன்னால் வேறாகத்தான் இருக்கும்.

யாரோ ஒரு பொண்ணாம். அவள் பேரில்தான் உள்ளே போயிருக்கிறதாம், கம்ப்யூட்டரிலேயே பதிவாகியிருக்கிறதாம். அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் செய்யவில்லை என்று அழுகிறாளாம். செய்திருந்தால் செய்தேன் என்று சொல்லிவிட வேண்டியதுதானே? அவள் சொல்லாததால்தானே இவரையும் கேட்கிறார்கள். அத்தனை பேர் உயிர் அதில் இருக்கிறது, கொஞ்சமாவது கவனம் வேண்டாமா ஒரு பொம்பளைக்கு?

என்ன மேடம்? ஒன்றுமில்லையா? முகம் ஒரு மாதிரி இருக்கிறது. ஃபேனைக் கூட்டி வைக்கிறேன்.

இன்னொன்று சொல்கிறேன், இதை எட்வின் சாரிடம் சொல்லுங்க. இவர் தன் பெருமையைத் தானே சொல்லத் தெரியாத ஆள். அன்றைக்குக் கனெக்ட் ஆனதை இன்று வரைக்கும் ஆபீஸில் சொல்லவே இல்லை. காலையில்கூட மீட்டிங்கில் "இன்னும் ஆகலை சார், நான் அந்த சர்வர் பக்கமே போகலை" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை ஏன் மறைக்க வேண்டும்? கூச்சம்தான். எனக்கு இருக்கிற அதே கூச்சம். அதனால்தான் இன்றைக்கு நானே சொல்லிவிட்டேன். நீங்கள் போய்ச் சொல்லுங்க, தயாளன் பண்ணிக் காட்டினார், அவர் சம்சாரம் கண்ணால் பார்த்தாள் என்று. என் பேர் பூவாத்தா. அதையும் சொல்லுங்க.

ஒரு நிமிஷம், அவர்தான் கூப்பிடுகிறார்.

"சொல்லுங்க மாமா. இருக்காங்க. டீ குடுத்தேன். இன்னும் போகலை. சரி. சரி."

போய்விட்டார்களா என்று கேட்கிறார். தான் வருவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுவீர்களோ என்று அவருக்குக் கவலை. கடையில் கூட்டமாம். இங்கிருந்து பார்த்தால் கடை தெரியும் மேடம், அதோ. கூட்டம் ஒன்றும் இல்லையே. அவர் வேறு கடைக்குப் போயிருப்பார்.

அந்தப் பொண்ணைத் திட்டிவிட்டேன். திட்டியிருக்கக் கூடாது. செய்யாதவள் அழமாட்டாள் என்று நான் எப்படிச் சொல்வது? நானும் அழுதிருக்கிறேன். பனியன் கம்பெனியில் நான் செக்கிங். ஒரு லாட் முழுக்க எண்ணெய்க் கறை என்று திரும்பி வந்தது. என் மேசையில் பார்த்த சரக்கு என்று என்னை நிறுத்தினார்கள். கறை பேக்கிங்கில் பட்டது, எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற ராஜாமணிக்கும் தெரியும், அவள் கண்ணெதிரேதான் எண்ணெய் டப்பா கவிழ்ந்தது. சூப்பர்வைசர் கேட்டபோது அவள் நூலைப் பிரிக்கிற மாதிரி குனிந்துகொண்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றோடு வேலை முடிந்தது. ஊரில் கேட்டவர்களுக்கு எல்லாம் கறை போட்டவள் நான்தான். ராஜாமணி என் கல்யாணத்துக்கு வந்தாள், என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஐயோ, பாப்பா, அதை இழுக்காதே. விழுந்துவிட்டாள். ஒன்றுமில்லை கண்ணு, ஒன்றுமில்லை, இங்கே வா. அம்மாவிடம் வா. என்னிடம் வரமாட்டேன் என்கிறாள் பாருங்க. நீங்களே எடுங்க.

என்ன சொன்னீங்க?

இன்னொரு தடவை சொல்லுங்க. பாப்பாவிடம் இப்போது சொன்னீங்களே.

"ஏனுங்க சின்னம்மணி அழறீங்க, யாருங்க அடிச்சா உங்களை."

இப்போது நீங்கள் சொன்ன இதேதான். இதே வார்த்தை. ஃபோனில் அன்றைக்கு இதைத்தான் சொன்னார்கள், இதே மாதிரி இழுத்து. வாசலில் நீங்கள் கூப்பிட்டபோதே இது எங்கேயோ கேட்ட குரல் என்று இருந்தது, ஆபீஸ் ஆள்தானே, மீட்டிங்கில் கேட்டிருப்போம் என்று விட்டுவிட்டேன்.

பாஸ்வேர்டு சொன்னது நீங்கள்தானா?

அப்படியானால் அந்தப் பொண்ணு.

இருங்க. நான் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன்.

எதையும் தொடாதீங்க என்று நீங்கள் சொன்னதை நானும் கேட்டேனே. ஸ்பீக்கரில் அவருக்குக் கேட்டது எனக்கும்தானே கேட்டது. பொட்டை அணைக்கட்டுமா என்று கேட்டவளும் நான்தான். அது வேற இது வேற என்றார், எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. நீங்கள் இவ்வளவு நேரம் நான் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா.

அவரிடம் ஒரே ஒரு தடவை நேரில் கேட்கலாம் என்றுதான் வந்தீங்களா? அவர் ஃபோனை எடுப்பதில்லையா?

எழுந்திரிக்காதீங்க. நீங்கள் கிளம்பினால் நான் திங்கட்கிழமைக்குள் மாறிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். பாப்பா மூஞ்சியைப் பார்த்தால், அந்தச் சுவரைப் பார்த்தால், நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று குனிந்துகொள்வேன். உட்காருங்க.

மறுபடியும் அவர்தான்.

"இருக்காங்க மாமா. இல்ல, அனுப்பலை. பால் வேண்டாம், பால் இருக்குது. நீங்க மேல வாங்க. என்ன சொன்னேனா? பொட்டு வெச்சதைச் சொன்னேன். புரோட்டா சாப்பிட்டதையும் சொன்னேன். கத்தாதீங்க, பாப்பா பயந்துக்குவா. எனக்கும் பயமாத்தான் இருக்குது மாமா. வாங்க, வந்து அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா திங்கக்கிழமை நான் வந்து சொல்ற மாதிரி ஆயிரும், எனக்கு நாலு பேர் முன்னால பேச வராது."

வைத்துவிட்டார்.

இந்த டீ வேண்டாம், ஆடை படிந்துவிட்டது. வேறு போடுகிறேன், மூன்று பேருக்கும் சேர்த்து. பாப்பா உங்களிடமே இருக்கட்டும். அவர் வரும்போது அவள் என் இடுப்பில் இருந்தால் நான் பேசமாட்டேன்.

கேட்கிறதா? பின்படியில். அவர்தான். எப்போதும் தாவித் தாவி ஏறுகிறவர். இன்றைக்கு ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வருகிறார்.